தண்ணீரில் சத்தம் போடத் தெரியாதவர்

பெண்களுக்கான நீச்சல் வகுப்பின் முதல் நாளில் அவரைத்தான் ஆசிரியை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

சனிக்கிழமைக் காலை. ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், பாறையைக் குடைந்து அதற்குள் கட்டிய நீச்சல் தடாகம் அது. தண்ணீரில் இறங்கப் பயந்து விளிம்பில் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நின்றோம். சோமாலியப் பெண்கள் சிலர், பாகிஸ்தானிலிருந்து வந்த ஒரு மாமியாரும் மருமகளும், நான். எங்களுக்கு நடுவில் நோர்வேக்காரப் பெண்மணி ஒருவர். எழுபதை நெருங்கியவர். மெலிந்த உயரமான உடம்பு, நரைத்த முடியை இறுக்கிப் பிடித்த ரப்பர் தொப்பி. மருமகள் அவரிடம் போய், "எதிலிருந்து தொடங்க வேண்டும்?" என்று மரியாதையாகக் கேட்டாள்.

"எனக்கும் தெரியாது" என்றார் அவர். "நானும் பழக வந்தவள்தான். நீந்தவே தெரியாது."

இந்த நாட்டில் பிள்ளைகள் எழுத்தோடு சேர்த்து நீச்சலையும் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறார்கள். நீந்தத் தெரியாத நோர்வேக்காரர் ஒருவரை நான் அதுவரை கண்டதில்லை.

நான் அங்கே போனதற்கு வேலைதான் காரணம். பார்னஹாகே என்று இங்கே சொல்லும் பாலர் பள்ளியில் வேலை பார்த்தேன். கோடையில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவோம். மற்ற ஆசிரியைகள் முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகளோடு நிற்க, நான் கரையில் பைகளுக்கும் துவாய்களுக்கும் காவலிருப்பேன். கடல் சூழ்ந்த தீவில் பிறந்தவள்தான். ஆனால் எங்கள் வீட்டில் கடலில் இறங்கியதெல்லாம் ஆண்பிள்ளைகள். சண்டைக் காலத்தில், பள்ளிக்கூடச் சட்டையோடு கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தபிறகு, தண்ணீரைக் கண்டாலே என் கால்கள் தாமாகப் பின்னுக்குப் போய்விடும்.

நீச்சல் வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டேன் என்று சொன்னபோது, பஸ் ஓட்டுநரான என் கணவர் சிரித்தார்.

"நீரோ? குளிக்கிற தொட்டியைப் பாதிக்கு மேலை நிரப்ப விடமாட்டீர். நீர் நீந்தப் போறீரோ?"

"ஏன், எனக்கு ஏலாதோ?"

"ஏலும், ஏலும். கத்தி ஊரைக் கூட்டாமல் இருந்தால் சரி."

அவர் சொன்னது கொஞ்சம் பலித்தது. எங்கள் ஆசிரியை முப்பது வயதுகூட ஆகாத, பலத்த குரல் கொண்ட பெண். ஆளுக்கொரு மிதவைப் பலகையைக் கையில் கொடுத்து, அதைப் பிடித்துக்கொண்டு காலை உதைக்கச் சொன்னார். "சத்தம் கேட்க வேண்டும்! தண்ணீர் கூரைக்குப் போக வேண்டும்!" நான் உதைத்த உதையில் பக்கத்திலிருந்தவர்கள் எல்லோரும் நனைந்தார்கள். பயத்தில் வாய்விட்டுக் கத்தவும் செய்தேன். பாறைக்குள் அந்தச் சத்தம் உருண்டு திரிந்தது.

அந்தப் பெண்மணியோ உதைத்தாரா இல்லையா என்றே தெரியவில்லை. அவருடைய கால்கள் தண்ணீருக்கடியில் மெதுவாக அசைந்தன. ஒரு துளிகூட மேலே தெறிக்கவில்லை. நகரவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் இடுப்பு கீழே இறங்கிவிடும். எழுந்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி தொடங்குவார். ஆசிரியை என்னைக் காட்டி, "இவளுடைய சத்தத்தில் பாதியை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான்.

வகுப்பு முடிந்ததும் வாசலுக்குப் பக்கத்திலிருந்த சிற்றுண்டிச் சாலையில் நானும் அவரும் ஒரே மேசையில் இருக்கப் பழகிவிட்டோம். அவர் வாஃபலும் கோப்பியும் எடுப்பார். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன ரொட்டியைப் பிரிப்பேன். மருந்துக் கடையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்துவிட்டார், மகன்கள் இருவரும் தூரத்து நகரங்களில் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவந்தது. நோர்வே மொழியில் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிட வேண்டும். நானும் வாயால் அப்படித்தான் கூப்பிட்டேன். மனதுக்குள் அவர் எனக்கு எப்போதும் 'நீங்கள்'தான்.

ஒருநாள் நான் அந்தப் பாறைக் கூரையைக் காட்டி, "போர் வந்தால் மக்கள் பதுங்குவதற்கும் இதைத்தான் பாவிப்பார்களாம். எங்கள் ஊரில் பங்கருக்குள் தேள் இருக்கும். இங்கே நீச்சல் தடாகமே இருக்கிறது" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு கேட்டார்: "நீங்கள் பதுங்கியிருக்கிறீர்களா?"

"ஓம். குண்டு போட வருகிற நேரமெல்லாம். நீங்கள்?"

"நானும்தான். எனக்குக் குண்டு இல்லை, மனிதர்கள். நாங்கள் யூதர்கள்."

அன்று அவருடைய கோப்பி ஆறிப்போனது. அவர் சொன்னதை எனக்கு ஞாபகமிருக்கிறபடி எழுதுகிறேன்.

அவருக்கு அப்போது ஆறு வயது. ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் அப்பாவுக்குச் சின்னத் தொப்பிக் கடை. நாடு ஜெர்மன்காரர்களின் கையில் இருந்தது. ஓர் இலையுதிர்காலக் காலையில் பொலிஸ் வந்து அப்பாவைக் கொண்டுபோனது. வந்தவர்கள் ஜெர்மன்காரர்கள் அல்லர், நோர்வேப் பொலிஸ்காரர்கள். அவர்களில் ஒருவன் அதே கடையில் தொப்பி வாங்கியவன். சில வாரங்களில் இன்னொரு செய்தி காதில் விழுந்தது. அடுத்ததாகப் பெண்களையும் பிள்ளைகளையும் கொண்டுபோகப் போகிறார்கள். அம்மாவை ஒரு தாதி வைத்தியசாலைக்குள் சேர்த்து, வயிற்றில் கட்டுப் போட்டு, நோயாளிகளோடு நோயாளியாகப் படுக்க வைத்தாள். பிள்ளையை அங்கே வைத்திருக்க வழியில்லை. முற்றத்துக்கு எதிர்ப் பக்கக் கட்டடத்தில் ட்ராம் ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லாதவர்கள். அந்த மனைவி வந்து, "என்னோடு வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாராம்.

"என் அம்மா அவரிடம் கேட்கவேயில்லை" என்றார். "அவராகவே வந்தார். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது."

அந்த வீட்டுக்குக் கீழே ஜெர்மன்காரர்களின் பக்கம் சேர்ந்த கட்சிக்காரன் ஒருவன் குடியிருந்தான். மேலே இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். கணவர் வேலைக்குப் போனால் ஒருவர்தான். அதனால் ஒருவருடைய சத்தம்தான் கேட்கலாம். அந்த அம்மா, ட்ராம் ஓட்டுநரின் மனைவி, நடக்கும்போது பிள்ளை நடக்கலாம். அவர் நின்றால் பிள்ளையும் நிற்க வேண்டும். அவர் கடைக்குப் போனால், திரும்பி வரும்வரை கட்டிலில் அசையாமல் இருக்க வேண்டும். தடித்த கம்பளிக் காலுறையோடு அந்த அம்மாவுக்குப் பின்னால், அவர் காலடி விழும்போதே தன் காலடியையும் வைத்து, சமையலறைக்கும் அறைக்குமாக நடந்ததைச் சொல்லும்போது, மேசைக்கடியில் அவருடைய கால்கள் மெல்ல அசைவதைக் கண்டேன்.

"குளிப்புத்தான் கஷ்டம். பெரியவர்கள் குளிக்கிற சத்தம் வேறு, பிள்ளை குளிக்கிற சத்தம் வேறு. நீங்கள் பாலர் பள்ளியில் வேலை செய்கிறவர், உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்."

"கீழ் வீட்டுக்காரனும் சொல்லியிருப்பான். அதனால் அவர் அதை ஒரு விளையாட்டாக்கினார். சமையலறையில் தகரத் தொட்டி. தண்ணீருக்குள்ளிருந்து கையைச் சத்தமில்லாமல் எடுக்க வேண்டும். காலை எடுக்க வேண்டும். ஒரு துளி சொட்டினாலும் தோல்வி. நான் மிக நன்றாகப் பழகிவிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சோகமாக இருக்காதீர்கள். எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது" என்றார். ட்ராம் ஓட்டுநர் ஒவ்வொரு மாலையும் கட்டிலோரத்தில் இருந்து, அன்று தான் ஓட்டிய பாதையின் தரிப்பிடங்களை ஒவ்வொன்றாகக் காதுக்குள் சொல்வாராம். யார் ஏறினார்கள், யார் நாயோடு ஏறினார்கள், எந்தத் தரிப்பிடத்தில் பனி கொட்டியது என்று. வெளியே போகாமலே ஊர் முழுவதும் சுற்றிவந்த மாதிரி இருக்குமாம்.

அங்கே அவருக்கு வேறு பெயரும் வைத்தார்கள். பழைய பெயரை யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. அதற்கும் பயிற்சி நடந்தது. அந்த அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே திடீரென்று பழைய பெயரைச் சொல்வார். முதல் நாட்களில் இவர் திரும்பிவிட்டாராம். பிறகு திரும்பவில்லை.

பனிக்காலம் தொடங்கியபோது, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய லொறியில், மூட்டைகளுக்கு நடுவே, அவரையும் தப்பிப்போகும் வேறு சிலரையும், போரில் சேராத சுவீடனின் எல்லைக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஏரிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். விடியும் நேரம், பனிமூட்டம். தோல் தொப்பி போட்ட இளைஞன் ஒருவன் துடுப்பு வலித்தான். கரையோரத்தில் தண்ணீர் மெல்லிசாக உறைந்திருந்ததால், வள்ளம் நகர நகரப் பனிக்கட்டி உடைந்து சத்தம் போட்டது. பெரியவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். வள்ளம் ஒழுகியது. தண்ணீர் ஏறி அவருடைய சப்பாத்துக்குள் போனது. காலைத் தூக்கினால் சத்தம் வரும் என்று அவர் அசையவே இல்லை.

"அம்மா?" என்று கேட்டேன்.

"அம்மா சில வாரம் கழித்து வேறு வழியாக வந்து சேர்ந்தார். சுவீடனில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். திரும்பவில்லை. அவர் குரல்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பவில்லை. கடைசியில் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து முழங்காலில் இருந்தார். அவர் அழுவார் என்று நினைத்தேன். 'கெட்டிக்காரி, சரியாகச் செய்தாய்' என்று சொன்னார்."

அப்பா திரும்பி வரவில்லை. போர் முடிந்து அம்மாவும் மகளும் ஒஸ்லோவுக்கு வந்தார்கள். ட்ராம் ஓட்டுநரும் மனைவியும் ரயில் நிலையத்தில் காத்து நின்றார்களாம். பிறகு அவர்கள் சாகும்வரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே மேசையில்தான் சாப்பாடு.

"அந்த ஏரியை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதுவும் பனிமூட்டத்தில்" என்றார். "வெயிலில் அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். அதில் இறங்க வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தொப்பி, பலகை எல்லாம்."

அந்த வாரம் முழுவதும் எனக்கு அதே நினைவு. பாலர் பள்ளியில் பிள்ளைகள் கைகழுவும் தொட்டியில் தண்ணீர் அடித்து விளையாடியபோது நான் வழக்கம்போல் ஏசவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீரில் இறங்கியதும் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த அம்மா நடக்கும்போது நீங்கள் நடந்தீர்கள்தானே? இப்போது நான் உதைக்கிறேன். என் சத்தத்துக்குள் நீங்களும் உதையுங்கள். யாருக்கும் தெரியாது."

அவர் தொப்பியை இறுக்கிக்கொண்டார். பிறகு பலகையைப் பிடித்தார்.

நான் உதைத்தேன். என் வாழ்நாளில் எதையும் அப்படி உதைத்ததில்லை. மூக்குக்குள் தண்ணீர் போயிற்று. பக்கத்தில் எதுவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்கக் கூடாது என்பதுதானே ஏற்பாடு! தலையைத் திருப்பிப் பார்த்தபோது அவருடைய குதிகாலைச் சுற்றிச் சின்ன நுரை தெரிந்தது. தடாகத்தின் மறு கரையைத் தொட்டபோது அவரும் என் பக்கத்தில் தொட்டார். அதுவரை அவர் நடுப்பகுதியைத் தாண்டியதே இல்லை.

சோமாலியப் பெண்களில் ஒருத்தி நடப்பதைக் கவனித்துவிட்டாள். என்னவென்று கேட்டாள். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார். சுருக்கமாகச் சொன்னேன். அவள் அதை மற்றவர்களுக்குத் தன் மொழியில் சொன்னாள். அவர்களுக்கு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. மறு சுற்றில் எல்லோரும் ஒன்றாக இறங்கினோம். பாகிஸ்தான் மாமியார்கூடப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார். உதைக்கத் தொடங்கினோம். பாறை முழங்கியது. ஆசிரியை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூச்சு வாங்கி முதலில் மாமியார் நின்றார், பிறகு ஒவ்வொருவராக நாங்களும் களைத்து நின்றோம்.

ஒருவர் மட்டும் நிற்கவில்லை. முகத்தை நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, டப் டப் என்று அடித்துக்கொண்டே போனார். தன் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை என்பது பாதி வழியில்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் தயங்கினார். பிறகு இன்னும் பலமாக உதைத்தார். கரையைத் தொட்டுத் திரும்பி, "கேட்டதா?" என்று கேட்டார்.

"கட்டாயம் பஸ் தரிப்பிடம்வரை கேட்டிருக்கும்" என்றாள் மருமகள்.

கோடைக்குள் எங்கள் இரண்டு பேருக்கும் பலகை தேவைப்படாமல் போயிற்று. ஜூலையில் ஒரு விடுமுறை நாளில் என் கணவர் காரை எடுத்தார். அந்தப் பெண்மணி பின் இருக்கையில், மடியில் நீச்சலுடைப் பையோடு இருந்தார். காட்டு வழியாக நெடுநேரம் ஓடி, ஒரு பண்ணை வீட்டருகில் பாதை முடிந்தது. கீழே ஏரி, வெயிலில் கண் கூசியது. வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தார். இங்கே குளிக்கலாமா என்று கேட்டோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். எங்களோடு வந்த பெண்மணி தயங்கி, சின்ன வயதில் ஒருமுறை இந்த ஏரியை வள்ளத்தில் கடந்ததாகச் சொன்னார்.

அந்தப் பெண் கையைத் துடைத்துக்கொண்டே, "போர்க்காலத்திலா? அப்படியானால் என் மாமனாரோடு பேசுங்கள். அவர்தான் துடுப்பு வலித்தவர்" என்றார்.

களஞ்சியச் சுவரோரம் வெயில் காய்ந்துகொண்டு எண்பது தாண்டிய மனிதர் ஒருவர் இருந்தார். எங்கள் பெண்மணி அந்த மனிதருக்குப் பக்கத்தில் இருந்து, எப்போதும் பேசும் மெல்லிய குரலில் தன் பெயரைச் சொன்னார்.

"என்ன?" என்றார் மனிதர், காதைத் திருப்பி. "எனக்குக் காது சரியில்லை."

மறுபடி சொன்னார். அதுவும் கேட்கவில்லை. அவர் சுற்றுமுற்றும் ஒருமுறை பார்த்தார். பார்க்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை, பழக்கம். பிறகு எழுந்து நின்று, முழுப் பெயரையும், அப்பாவின் குடும்பப் பெயரோடு சேர்த்து, உரத்துச் சொன்னார். மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு தலைதூக்கிப் பார்த்தது.

"இப்போது கேட்டது" என்றார் மனிதர். "ஆனால் பெயர் எனக்குத் தெரியாது. யாரிடமும் பெயர் கேட்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்."

"எனக்கு ஆறு வயது. வள்ளத்துக்குள் தண்ணீர் வந்தது."

"அந்த வள்ளம் எப்போதும் ஒழுகும்." கொஞ்சம் யோசித்தார். "பிள்ளைகள் நிறையப் பேர். எல்லோரும் சத்தமில்லாமல் இருந்தார்கள். உன்னைத் தனியாக எனக்கு ஞாபகம் வரவில்லை. மன்னித்துக்கொள்."

அந்தப் பெண்மணிக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தேன். அவரோ அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நிறையப் பேரா? ஒருவரையும் பிரித்துத் தெரியாத அளவுக்கா?"

"ஓ, நிறையப் பேர்."

"இதைவிட நல்ல செய்தியை எனக்கு யாரும் சொன்னதில்லை" என்றார்.

நாங்கள் இறங்கினோம். வெயில் சுட்டாலும் தண்ணீர் எலும்புவரை குளிர்ந்தது. கரையில் துவாயோடு நின்ற என் கணவர், "மெல்ல, மெல்ல, ஆழத்துக்குப் போகாதையும்!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணி எனக்கு முன்னால் போனார். மார்பளவு வந்ததும் கால்களை விட்டார். கரையோரமாக நீந்தி, தண்ணீருக்கு மேலே தெரிந்த பாறைவரை போய்த் தொட்டோம். எதிரே காடு. அந்தக் காட்டுக்குள் எங்கோ சுவீடன் தொடங்குகிறது. அவர் பாறையில் ஏறியிருந்து, இரண்டு கால்களாலும் தண்ணீரை அடி அடியென்று அடித்தார். நாணலுக்குள்ளிருந்து வாத்துகள் பறந்தன. எனக்கும் அப்போது வேறொரு வள்ளமும், அதற்குள் என்னோடு இருந்தவர்களும் நினைவில் வந்தார்கள். ஆனால் கால் பின்னுக்குப் போகவில்லை.

திரும்பி வந்தபோது அந்த மனிதர் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு கரைவரை இறங்கி வந்திருந்தார். "இனி உன்னை ஞாபகம் வைத்திருப்பேன்" என்றார். "இவ்வளவு சத்தம் போட்ட ஆளை எப்படி மறப்பது?"

அந்த வீட்டு முற்றத்தில் சூடான சூப்பும் ரொட்டியும் கிடைத்தன. என் கணவர் அந்த மனிதரோடு வள்ளங்களைப் பற்றிச் சைகையாலும் பாதி நோர்வே மொழியாலும் வெகுநேரம் கதைத்தார். வீடு திரும்பும் வழியில் என்னிடம், "இஞ்சை பாரும், அடுத்த முறை நானும் இறங்கப் போறன்" என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்மணி ஒவ்வொரு கோடையிலும் அந்த ஏரிக்கரை வீட்டுக்குப் போனார். சில முறை எங்களோடு, சில முறை மகன்களோடு. என் கணவருக்கு வேலை மாறியதால் நாங்கள் திராமன் நகருக்கு வந்துவிட்டோம். இங்கேயும் ஒரு தடாகம் இருக்கிறது, நான் தவறாமல் போகிறேன். அவர் இன்னும் அந்தப் பாறைத் தடாகத்துக்குத்தான் போகிறார். போன வாரம் தொலைபேசியில் கதைத்தோம். தோள் கொஞ்சம் வலிக்கிறதாம். ஆனாலும் முதுகுப் பக்கமாக நீந்தப் பழகத் தொடங்கியிருக்கிறார், காதுக்குள் தண்ணீர் போகாமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டார்.